கூடமும் கோணலாக இருக்கலாம்!



மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில் என் வீடு இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் நான். சாயங்காலம் ஐந்தரை மணி ஆனால் தெருப்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் புத்தகப் பையோடு வந்துவிடுவார்கள். அவர்களுக்கு நான், 'டீச்சர் பாட்டி'.

கூடத்தின் மூலையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. என் மகன் புதிது வாங்கியபோது, 'உனக்கு உதவும்மா' என்று விட்டுப் போன பழையது. பிள்ளைகள் பள்ளி வேலைக்கு அதைப் பயன்படுத்துவார்கள்.

போன மாதம் ஒரு நாள், எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் அதன் முன் உட்கார்ந்தாள். கணக்கில் புலி அவள். பீர்க்கன்காரணை ஏரியைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரையைக் கம்ப்யூட்டரில் அடித்து வரும்படி அவள் பள்ளியில் சொல்லி இருந்தனர். முழுதும் அடித்துவிட்டாள். ஒரே ஒரு பிழை. முதல் வரியிலேயே 'ஏரி' என்பதை, 'ஏறி' என்று அடித்திருந்தாள். அந்த 'றி'யை அழித்துவிட்டு, 'ரி' போட வேண்டும். அவ்வளவுதான்.

மவுசை நகர்த்தினாள். கர்சர் எழுத்தைத் தாண்டி, திரையின் அந்தக் கோடிக்கு ஓடியது. திரும்ப இழுத்தாள், இந்தக் கோடிக்கு வந்தது. மெதுவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்த்தினாள். மேல் வரியில் போய் நின்றது. கிளிக் செய்தாள். வேறு எங்கோ பதிந்து, நல்ல எழுத்து ஒன்று அழிந்து போனது.

'இவ பிடிச்சா எலி வளைக்குள்ள ஓடிடும் பாட்டி!' என்று ஒரு பையன் சொல்ல, எல்லாரும் சிரித்தனர்.

அவள் சிரிக்கவில்லை. மவுசை வைத்துவிட்டு எழுந்தாள். 'எனக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் வராது பாட்டி' என்றாள்.

அந்த வார்த்தைதான் என்னைச் சுட்டது. 'எனக்குக் கணக்கு வராது', 'எனக்கு இங்கிலீஷ் வராது' என்று எத்தனை பிள்ளைகள் என்னிடம் சொல்லி இருக்கின்றனர்! ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டால், அதற்கப்புறம் அந்தப் பிள்ளை முயற்சி செய்வதே இல்லை. கதவு சாத்திக்கொண்டு விடும்.

அவள் எழுந்த நாற்காலியில் நான் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கும் கர்சர் பறந்தது! கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மவுசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது. விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன், தன் விளையாட்டுக்காக வாங்கிய மவுசை அதில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். நடுச் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு குட்டிப் பொத்தான். அதை அழுத்தினால் மவுசின் வேகம் மாறும். அவன் அதை மிக அதிக வேகத்தில் வைத்திருந்தான்.

பொத்தானை இரண்டு, மூன்று முறை அழுத்தி வேகத்தைக் குறைத்தேன். 'இப்போ வா' என்றேன். தயங்கித் தயங்கி வந்தாள். முதல் முறை சற்றுத் தள்ளி நின்றது. இரண்டாம் முறை, 'றி'க்குப் பக்கத்தில் கச்சிதமாகப் போய் நின்றது.

அவள் கை அதே கைதான். இரண்டு நிமிடத்தில் என்ன மாறியது?

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று நம்மூரில் ஒரு பழமொழி உண்டு. தன் குறையை மறைக்கக் கருவியைக் குறை சொல்பவர்களைக் கேலி செய்ய அதைச் சொல்வர். நானே வகுப்பில் பலமுறை சொல்லி இருக்கிறேன். ஆனால், பிள்ளைகளே, சில நேரம் கூடம் உண்மையிலேயே கோணலாக இருக்கும்! அதைப் பார்க்காமல், ஆடுகிறவளைத் திட்டுவது நியாயமா?

மவுசின் வேகம் என்றால் என்ன? கம்ப்யூட்டர்காரர்கள், 'சென்சிட்டிவிட்டி' என்பர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சமூக அறிவியலில் வரைபடத்தின் அளவை படிக்கிறீர்களே, அதேதான் இது.

தாம்பரத்திலிருந்து கடற்கரை ரயில் நிலையம் சுமார் 29 கி.மீ., 1 செ.மீ.,க்கு 1 கி.மீ., என்ற அளவையில் வரைந்தால், பாதை 29 செ.மீ., நீளம் வரும். குரோம்பேட்டை, பல்லாவரம் எல்லாம் தனித்தனியே தெரியும். அதையே 1 செ.மீ.,க்கு 10 கி.மீ., என்று வரைந்தால், முழுப் பாதையும் 3 செ.மீ.,க்குள் அடங்கிவிடும். இப்போது குரோம்பேட்டைக்கும், பல்லாவரத்துக்கும் நடுவே விரல் வைத்துக் காட்டு என்றால் முடியுமா? உங்கள் விரலில் குறை இல்லை, அளவை அப்படி!

மவுசிலும் இப்படித்தான். மேஜை மேல் உங்கள் கை நகரும் தூரம், வரைபடம். திரையில் கர்சர் ஓடும் தூரம், ஊர்.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம் வாருங்கள். இப்போது பல கம்ப்யூட்டர் திரைகளில் குறுக்குவாட்டில் 1,920 புள்ளிகள் உள்ளன. மவுஸ், தான் ஓர் அங்குலம் நகர்ந்ததை எத்தனை புள்ளிகளாக எண்ணிச் சொல்கிறது என்பதை, 'டி.பி.ஐ.,' என்று குறிப்பிடுவர். 1,000 டி.பி.ஐ., மவுஸ் என்றால், ஓர் அங்குலத்துக்குக் கர்சர் 1,000 புள்ளி ஓடும். திரையின் முழு அகலத்தையும் கடக்க, கை 2 அங்குலம் நகர்ந்தாலே அதிகம். (கம்ப்யூட்டரில் உள்ள வேக அமைப்பு நடுவில் இருக்கிறது, வேறு கூடுதல் வசதி எதுவும் சேரவில்லை என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு இது.)

இப்போது ஓர் எழுத்தின் அகலம் 10 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். அந்த எழுத்தின் மேல் கர்சரை நிறுத்த, கை எவ்வளவு துல்லியமாக நிற்க வேண்டும்? ஓர் அங்குலம், 25.4 மி.மீ., அதை 1,000ஆல் வகுத்து, 10ஆல் பெருக்குங்கள். கால் மி.மீ., வருகிறது!

உங்கள் மைக்ரோ டிப் பென்சிலில் போடும் மெல்லிய ஊசி, 0.5 மி.மீ., தடிமன். அதில் பாதி அளவுக்குள் உங்கள் கை நிற்க வேண்டும். மவுஸ் 3,200 டி.பி.ஐ.,யில் இருந்தால்? 0.08 மி.மீ.,க்குள் நிற்க வேண்டும். அந்தப் பெண்ணைக் கேலி செய்த பையனால் மட்டும் முடிந்திருக்குமா? அதையே 400 டி.பி.ஐ., என்று குறைத்தால், 0.6 மி.மீ.,க்கு மேல் இடம் கிடைக்கும். கைக்கு நிம்மதி.

'தூரமாகவும், சின்னதாகவும் இருக்கும் இலக்கைத் தொட அதிக நேரம் ஆகும்' என்பதை, 1954ஆம் ஆண்டிலேயே, பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் சோதனை செய்து, கணக்காகவே எழுதி வைத்துவிட்டார். அப்போது மவுசே பிறக்கவில்லை!

மவுஸ் பிறந்தது, 1964ல். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில், டக்ளஸ் ஏங்கல்பர்ட் என்பவர் யோசனை சொல்ல, பில் இங்கிலீஷ் என்ற பொறியாளர் அதைச் செய்தார். அது ஒரு மரப்பெட்டி. அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரங்கள். ஒன்று பக்கவாட்டு நகர்வை எண்ணும். இன்னொன்று மேலும் கீழுமான நகர்வை எண்ணும். 1968 டிசம்பர் 9ல், சான்பிரான்சிஸ்கோ நகரில் பெரிய கூட்டத்தின் முன் ஏங்கல்பர்ட் அதை இயக்கிக் காட்டினார். 

அப்புறம் வந்தது, அடியில் உருண்டை வைத்த மவுஸ். 2000ஆம் ஆண்டு வாக்கில், நம்ம தாம்பரம் பிரவுசிங் சென்டர்களில் எல்லாம் அதுதான். உருண்டையைக் கழற்றி, உள்ளே ஒட்டிய அழுக்கை நகத்தால் சுரண்டினால்தான் ஒழுங்காக ஓடும். இப்போது உள்ள ஒளி மவுஸ், தன் வயிற்றில் உள்ள குட்டி கேமராவால், மேஜைப் பரப்பை ஒரு நொடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் படம் பிடித்து, ஒரு படத்தையும் அடுத்ததையும் ஒப்பிட்டு, எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்கிடுகிறது. அதனால்தான் கண்ணாடி மேஜையில் வைத்தால் பல மவுஸ்கள் தடுமாறும். கீழே ஒரு பழைய நோட்டு அட்டையைப் போட்டுப் பாருங்கள்; சரியாகிவிடும்.

சரி, நமக்கு எந்த வேகம் சரியான வேகம்? இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். 'இந்த எண்ணில் வை' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒருவர் செருப்பு அளவு இன்னொருவருக்குப் பொருந்துமா? உங்கள் கையைத்தான் கேட்க வேண்டும். அதற்கு இரண்டு சோதனை போதும்.

ஒன்று, தூரச் சோதனை. முன்கையை மேஜையில் வசதியாக வைத்துக்கொண்டு, மவுசைத் தூக்காமல், ஒரே வீச்சில் திரையின் இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்குப் போக முடிய வேண்டும். நடுவில் மவுசைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டி வந்தால், வேகம் போதாது.

இரண்டு, குறிச் சோதனை. திரையில் ஒரு மூலையிலிருந்து கிளம்பி, வேறு இடத்தில் உள்ள ஓர் எழுத்துக்கு முன்னால் கர்சரை வையுங்கள். பத்து முறை செய்யுங்கள். அதிகமான முறை எழுத்தைத் தாண்டிப் போகிறதா? வேகத்தைக் குறையுங்கள். எழுத்துக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறதா? கூட்டுங்கள்.

இரண்டு சோதனையிலும் தேறும் வேகம்தான் உங்கள் வேகம்.

எங்கே மாற்றுவது? விண்டோஸ் 11 உள்ள கம்ப்யூட்டரில், 'செட்டிங்ஸ்' போய், 'புளூடூத் அண்ட் டிவைசஸ்' என்பதில், 'மவுஸ்' என்பதைத் திறங்கள். 'மவுஸ் பாயிண்டர் ஸ்பீடு' என்று ஒரு கோடும், அதில் நகரும் குமிழும் இருக்கும். 1 முதல் 20 வரை படிகள். வழக்கமாக, நடுவில் 10ல் நிற்கும். அதை 6க்கு இறக்கினால், பாதி வேகம். கட்டுரை அடிப்பது, படம் வரைவது, பாடம் படிப்பது போன்ற அன்றாட வேலைக்கு, சாதாரண மவுசில் நடுவிலோ, அதற்கு ஒன்றிரண்டு படி கீழேயோ வைத்துத் தொடங்குங்கள். ஒவ்வொரு படியாக மாற்றிச் சோதியுங்கள்.

அங்கேயே, 'என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்' என்று ஒன்று இருக்கும். அது, 2001ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலிருந்து இருக்கிறது. இதை இயக்கினால், கை வேகமாக நகரும்போது கர்சர் கூடுதல் தூரம் ஓடும். மெதுவாக நகர்ந்தால் குறைந்த தூரம் ஓடும். சிறிய மேஜையில் இது உதவும். ஆனால், 'ஒரே அளவு நகர்த்துகிறேன்; ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் நிற்கிறதே' என்று குழம்பினால், இதை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

அந்தப் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. இடது கைப் பழக்கம் உள்ளவர்கள், மவுசை இடப்பக்கம் வைத்துக்கொண்டு, பொத்தான்களை இடம் வலமாக மாற்றிக்கொள்ளலாம். ஒரு நொடி வேலை.

இதைச் சொல்லும்போது என் மனசு கனக்கிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் வேலையில் சேர்ந்து மூன்று, நான்கு ஆண்டுகள் ஆன சமயம். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன், இடது கையால் எழுதினான். 'பீச்சாங்கையால எழுதாதே' என்று, அந்தக் கையில் ஸ்கேலால் தட்டினேன். வலது கையில் பென்சிலைத் திணித்தேன். அவன் எழுத்துகள் கோணல்மாணலாக வந்தன. 'கையெழுத்து மோசம்' என்று சிவப்பு மையில் எழுதியதும் நான்தான். அந்த ஆண்டு முழுதும் அவன் வகுப்பில் வாய் திறந்து பேசவே இல்லை. பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டனர். 

அவனைப் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைத்திருந்தாலே போதும். பக்கத்தில் இருப்பவன் கை இடிக்காமல், அழகாக எழுதி இருப்பான். ஆசிரியர் பயிற்சியில் எனக்குச் சொல்லித் தந்ததும் அதுதானே? பிள்ளையைப் பார்த்துப் பாடத்தை அமை என்பதுதானே? படித்துச் சான்றிதழ் வாங்கினேன், வகுப்பில் மறந்துவிட்டேன். இன்று அவனுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். எங்கே இருக்கிறானோ! மன்னிப்புக் கேட்க முகவரிகூட இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். கம்ப்யூட்டர் வகுப்பில் முதல் பாடம், 'மவுஸ், கீபோர்டு, மானிட்டர்' என்று பெயர்களை மனப்பாடம் செய்வதாக இருக்கக்கூடாது. 'இந்த மவுசை உன் கைக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்' என்பதாக இருக்க வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் கொடுத்தால் போதும். ஆசிரிய நண்பர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து செய்து பாருங்கள்.

'பழகினால் எல்லா வேகமும் சரியாகிவிடும்' என்று சிலர் சொல்வர். உண்மைதான். கை எதையும் பழகிக்கொள்ளும். வீட்டில் தனிக் கம்ப்யூட்டர் உள்ள பிள்ளை, நாள் முழுதும் பழகலாம். பள்ளியில் வாரத்துக்கு ஒரு பீரியடு, அதிலும் ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு, மூன்று பேர் என்று காத்திருக்கும் பிள்ளை என்ன செய்யும்? கை பழகுவதற்குள் மணி அடித்துவிடும். அது மனதில் எடுத்துப் போவது, 'எனக்கு வராது' என்ற ஒன்றைத்தான்.

'வேகமாக வைப்பவன்தான் கெட்டிக்காரன்' என்று என் பேரனும் வாதாடினான். ரிச்சி தெருக் கடைகளில், 16,000 டி.பி.ஐ., என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டு விற்கிறார்களாம். நான் சொன்னேன்: 'குறி பார்த்துச் சுடும் விளையாட்டுப் போட்டிகளில் ஜெயிக்கிறவர்கள் பலர், 400, 800 என்றுதான் வைத்துக்கொள்கிறார்களாமே, கேட்டுப் பார்.' இரண்டு நாள் கழித்து ஃபோன் செய்து, 'ஆமாம் பாட்டி' என்று ஒப்புக்கொண்டான். பெட்டியில் உள்ள எண் பெருமைக்கு. கையில் உள்ள நிதானம் வேலைக்கு!

அதற்காக ஆமை வேகத்திலும் வைக்காதீர்கள். திரையைக் கடக்கப் பத்து முறை மவுசைத் தூக்கி வைத்தால், தோளும் மணிக்கட்டும் வலிக்கும். சானடோரியம் மெப்ஸ் வளாகத்திலும், சிறுசேரியிலும் நாள் முழுதும் கம்ப்யூட்டர் முன் வேலை செய்யும் உங்கள் அக்கா, அண்ணன்களைக் கேளுங்கள். மணிக்கட்டு வலி என்றால் என்ன என்று சொல்வர். மவுஸ், கீபோர்டு இருக்கும் உயரத்திலேயே, அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். கிரிக்கெட் மட்டை பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடிக்காதீர்கள்.

ஒரே கம்ப்யூட்டரை வீட்டில் பலர் பயன்படுத்தினால், ஒவ்வொருவரும் விண்டோசில் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கே வைக்கும் வேகம் அவரவர் கணக்கோடு நிற்கும். ஆனால், மவுசிலேயே உள்ள பொத்தானை ஒருவர் அழுத்திவிட்டால், எல்லாருக்கும் மாறிவிடும். மாற்றியவர், வேலை முடிந்ததும் பழையபடி வைத்துவிட்டு எழுவதுதான் நாகரிகம்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். பொறியியல் படிப்புக்கான ஜே.இ.இ., முதன்மைத் தேர்வு, 2019 முதல் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. அதில் விடை எண்ணாக வரும் கேள்விகளுக்கு, திரையில் தெரியும் எண் பலகையில், மவுசால்தான் ஒவ்வோர் எண்ணாக அழுத்த வேண்டும். அங்கே உள்ள மவுஸ் உங்களுடையது இல்லை. அது தாவினாலும், சிக்கினாலும், 'நமக்குத்தான் பதற்றம்போல' என்று உட்கார்ந்திருக்காதீர்கள். தேர்வு தொடங்கும் முன்பே நகர்த்திப் பாருங்கள். சரியில்லை என்றால் கையைத் தூக்கி, 'இந்த மவுஸ் சரியில்லை. மாற்றித் தாருங்கள்' என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதற்கு, கோணல் எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். அதை இப்போதே பழகுங்கள்.

கூடம் கோணலா என்று ஒருமுறை பார்ப்பது தவறில்லை. கோணல் என்றால் சரி செய்யுங்கள். சரியாக இருந்தால், அப்புறம் சாக்குச் சொல்லாமல் ஆடக் கற்றுக்கொள்ளுங்கள். இதில் இரண்டாவதும் முக்கியம்! ஏனென்றால், நம் கணக்குப் புலி, மறுவாரம் வந்து இன்னொரு கட்டுரை அடித்தாள். கர்சர் அவள் சொன்ன இடத்தில், சொன்னபடி நின்றது. ஆனால், முதல் வரியில் மறுபடியும், 'ஏறி' என்றே அடித்திருந்தாள். 'இதுக்கும் மவுசுதான் காரணமா?' என்று கேட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிரவே, 'ர', 'ற' வேறுபாடு பத்துச் சொற்கள் எழுத வைத்துத்தான் அனுப்பினேன்.

போகும்போது, 'நாளைக்கும் கம்ப்யூட்டர்ல உக்காரலாமா பாட்டி?' என்று கேட்டாள் பாருங்கள்... அதுபோதும் எனக்கு.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இன்று சாயங்காலம், வீட்டில் தாத்தாவோ, பாட்டியோ, அம்மாவோ, 'இந்தச் சனியன் எனக்கு வரலை' என்று ஒதுக்கி வைத்த கம்ப்யூட்டர் இருந்தால், அவர்களைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். மவுசின் வேகத்தை ஒவ்வொரு படியாகக் குறைத்து, அவர்கள் கையால் சோதித்துப் பாருங்கள். இரட்டை கிளிக் செய்யும் வேகத்தையும் குறைக்கலாம். அவர்கள் தடுமாறினால் சிரிக்காதீர்கள். 'தப்பு உங்க கையில இல்லை' என்று சொல்லுங்கள்.

என்ன, செய்வீர்கள்தானே?